மலைவீட்டில் தலைப்பிரசவத் தாய்க்குத் துணையிருக்க: முதல் ஆறு வாரங்களுக்கான வழிகாட்டி

தலைப்பிரசவம் முடிந்து ஒரு பெண் பச்சைப் பிள்ளையோடு மலைக்கு வரும்போது, அவளுக்குத் துணையிருக்கப் போகிறவர்களும் பெரும்பாலும் அந்த வேலைக்குப் புதியவர்களாகவே இருக்கிறார்கள். கணவருக்கு அதுதான் முதல் குழந்தை. மாமியார் கடைசியாகப் பிள்ளை பெற்றே முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். பக்கத்து லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) அக்காவுக்கு ஆசை உண்டு, நேரம் இருக்காது. நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், கூடலூர்ப் பகுதிகளில் இப்படித் துணைக்கு நிற்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தாயின் மடியிலேயே விட்டுவிட்டு, சமையல், துணி துவைப்பு, வெந்நீர், வந்து போகிறவர்களைக் கவனிப்பது ஆகிய மற்ற எல்லா வேலைகளையும் வீட்டார் எடுத்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. இரண்டாவதாக, மருத்துவமனைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு முறையும் மலைப்பாதையில் ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். சமவெளியில் காலை வரை பொறுத்துப் பார்க்கக்கூடிய சில அறிகுறிகளுக்கு இங்கே மாலையிலேயே கிளம்பியாக வேண்டியிருக்கும்.

முதல் படி: அவர்கள் வருமுன் வீட்டைத் தயார் செய்தல்

காற்று நேரடியாக வீசாத, அடுப்புப் புகை வராத அறையைத் தாய்க்கும் குழந்தைக்கும் ஒதுக்குங்கள். பழைய பருத்தி வேட்டி, சேலைகளைக் கிழித்துத் துவைத்து, இரண்டு டஜன் துணியாவது அடுக்கி வையுங்கள். இது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் ஆடி மாதத்துக் கூடலூர், பந்தலூர் மழையிலும் ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் இறங்கும் மூடுபனியிலும் துவைத்த துணி இரண்டு மூன்று நாள் ஆனாலும் காய்வதில்லை. வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தி, இஸ்திரி போட்டு, புறங்கையில் வைத்துப் பார்த்து ஈரம் இல்லை என்று உறுதியான பிறகே குழந்தைக்குக் கட்ட வேண்டும். மருந்துக் கடையில் ஒரு டிஜிட்டல் வெப்பமானியும் வாங்கி வையுங்கள்.

அறையைச் சூடாக்குவது பற்றி மிகுந்த கவலையோடு ஒன்று சொல்ல வேண்டும். மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி விழும் இரவுகளில், இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கணப்பு மூட்டி, அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். புகை அடங்கிக் கங்கு மட்டும் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு, கங்கிலிருந்தும் அந்த வாயு வருகிறது. ஆகவே பிள்ளை பெற்றவள் படுக்கும் அறைக்குள் கணப்புச் சட்டி எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. கேஸ் கெய்சர் பொருத்திய குளியலறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு தாயைக் குளிப்பாட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. மின்சார ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்து, படுக்குமுன் அறையைச் சூடாக்கிவிட்டு நிறுத்திவிடலாம்.

இன்னொரு ஆயத்தமும் தேவை. உங்கள் வீடு இருக்கும் இடத்துக்கு 108 வண்டி எதுவரை வரும், அங்கிருந்து யார் தூக்கி வருவது, பக்கத்தில் ஜீப் வைத்திருப்பவர் யார், செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

இரண்டாம் படி: மருத்துவமனையிலிருந்து வீடு வரை

சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும். சீக்கிரம் விடச் சொல்லி வீட்டார் வற்புறுத்தக் கூடாது. அரசு மருத்துவமனையில் பிரசவமானவர்களைக் கட்டணமின்றி வீட்டில் கொண்டுபோய்விடும் 102 ஊர்தி உண்டு, அதைக் கேட்டுப் பெறுங்கள். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைட்டிஸ் பி ஊசி ஆகிய மூன்றும் தடுப்பூசி அட்டையில் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குழந்தைக்குக் காது அடைக்காமலிருக்க ஏற்றத்தில் பால் குடிக்கவிடுவது நல்லது. வழியில் நிறுத்தி வெளிக்காற்றில் நிற்பதைத் தவிர்க்கலாம்.

மூன்றாம் படி: குழந்தையின் சூட்டைக் காத்தல்

மலைவீட்டில் முதல் வாரத்தின் பெரிய வேலை இதுதான். பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் அக்குளில் வைத்துப் பார்க்கும்போது 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள், அதாவது 97.7 முதல் 99.5 ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதபோது புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டுமே சில்லென்றிருந்தால் அது ஆபத்து.

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு லைன் வீட்டில், ஸ்வெட்டர், குல்லா, காலுறை, அதற்கு மேல் இரண்டு கம்பளி என்று சுற்றப்பட்டிருந்த ஒன்பது நாள் குழந்தையின் பாதத்தைத் தொட்டபோது குழாய்த் தண்ணீர் போல் குளிர்ந்திருந்தது. பாட்டிக்கு நம்ப முடியவில்லை. "இவ்வளவு போர்த்தியிருக்கேனே, எங்கேம்மா குளிரும்?" என்றார். ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு போனால், உள்ளே இடுப்பில் கட்டியிருந்த துணி ஈரமாக இருந்தது. அந்த ஈரம் முதுகுப்புறச் சட்டை வரை ஏறியிருந்தது. துடைத்து, உலர்ந்த இடுப்புத் துணியும் குல்லாவும் மட்டும் போட்டு, தாயின் இரவிக்கைக்குள் அவள் நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தையைச் செங்குத்தாக வைத்து, மேலே அவளுடைய சேலையையும் ஒரே ஒரு கம்பளியையும் போர்த்தினோம். பாட்டி டீ போட்டு எடுத்து வருவதற்குள் குழந்தையின் உள்ளங்காலில் இளஞ்சூடு வந்துவிட்டது. கம்பளி எத்தனை போர்த்தினாலும் குழந்தைக்கு இருக்கும் சூட்டைத்தான் காக்கும், புதிதாகச் சூட்டைத் தராது. சூட்டைத் தருவது தாயின் உடம்பு.

கங்காரு முறை என்று செவிலியர்கள் சொல்வது இதைத்தான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில், இன்குபேட்டர் பற்றாக்குறைக்கு நடுவே இது தொடங்கியது. இன்று உலகெங்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் நாளில் எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை நேரமும் இப்படி வைத்திருக்கலாம். தாய் களைத்திருக்கும்போது தந்தையின் நெஞ்சும் அதே பயனைத் தரும். இளம் தந்தையர் பலர் வெட்கப்படுகிறார்கள். ஒருமுறை வைத்துக்கொண்ட பிறகு பிள்ளையைக் கீழே விட மனம் வருவதில்லை.

பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்டக் கூடாது. அதன் பிறகும் குளிர் நாளில் தினமும் தலைக்கு ஊற்ற வேண்டிய அவசியமில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, உடனே ஈரம் ஒற்றினால் போதும். எடை குறைந்த குழந்தைக்குச் செவிலியர் சொல்லும் வரை குளியல் வேண்டாம். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணையும் கனத்த கம்பளியும் முகத்தருகே இருக்கக் கூடாது. பெரியவர்களின் கம்பளிக்குள் குழந்தையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது மூச்சுமுட்டலுக்கு வழி வகுக்கும்.

நான்காம் படி: பாலூட்டத் துணை நிற்பது

"பால் பத்தலை" என்ற சொல்தான் இந்த வாரங்களில் ஒரு தாயின் காதில் அதிகம் விழுகிறது. அதைச் சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்தச் சொல்லே அவளுடைய நம்பிக்கையைக் கெடுத்துப் பாலூட்டலைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். குழந்தையின் வயிறும் அந்த அளவுக்குச் சிறியதே. மூன்று நான்கு நாட்களில் பால் இறங்கும். அதுவரை பொறுமையோடு குழந்தையைச் சப்பவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையின் அழுகையைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா, கருமையாகப் போய்க்கொண்டிருந்த மலம் மஞ்சளாக மாறிவிட்டதா என்று பாருங்கள். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவதுண்டு. இரண்டு வாரத்துக்குள் அது மீண்டுவிட வேண்டும். இந்தக் குறிகள் சரியாக இருந்தால் பால் போதுகிறது. இரவும் பகலுமாக எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை குழந்தை குடிப்பது இயல்பானதே.

பிடிமானம் சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். வாய் நன்றாகத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடங்கி, தாடை மார்பைத் தொட்டிருக்க வேண்டும். காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். காம்பை மட்டும் பிடித்தால் வெடிப்பு வரும். வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள். துணைக்கு இருப்பவர் செய்யக்கூடியது மிக எளியது. முதுகுக்கு ஒரு தலையணை, கைக்கு அணைவாக ஒரு தலையணை, தோளுக்கு ஒரு சால்வை, கையெட்டும் தூரத்தில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஆகியவற்றை வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, பார்க்க வந்தவர்களைத் திண்ணையிலேயே உட்கார வையுங்கள்.

பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால், வெந்நீரில் நனைத்த துணியால் சற்று ஒற்றடம் கொடுத்து, கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கிவிட்டு, பிறகு குழந்தையைப் பிடிக்கவிட வேண்டும். மார்பில் சிவந்த திட்டோடு காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. மருத்துவர் சொல்லாமல் யாரும் பவுடர் பால் டப்பா வாங்கி வர வேண்டாம். குழந்தைகளுக்கான மாற்றுப் பால் உணவுகளையும் புட்டிகளையும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

ஐந்தாம் படி: தாயின் உடம்பு

தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் சுரக்க நீர் வேண்டும். தாகமெடுக்கும்போதெல்லாம், குறைந்தது ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும், ஒரு டம்ளர் வெந்நீராவது குடிக்கக் கொடுங்கள். பத்தியம் என்ற பெயரில் சோறும் மிளகு ரசமும் மட்டும் போடுவது போதாது. பூண்டும் கருவாடும் அவள் விரும்பினால் நல்லவைதான். கூடவே ராகிக் களி, அவரைப் பருப்பு, கீரை, முட்டை, பழம் ஆகியவையும் வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாட்கள் தொடர வேண்டும். தேயிலை விளையும் ஊரில் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின்னாக ஒரு மணி நேரம் டீ வேண்டாம். மாத்திரையை எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்றவற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் கொடுக்காதீர்கள்.

தூக்கம்தான் அவளுக்கு மிகவும் கிடைக்காத பொருள். பகலில் குழந்தை தூங்கும்போது அவளும் தூங்கட்டும். இரவில் துணி மாற்றுவதும் ஏப்பம் விடவைப்பதும் கணவரின் வேலையாகட்டும்.

ஆறாம் படி: பழக்கங்களைப் பதமாகத் தவிர்த்தல்

மூத்தவர்களைப் புண்படுத்தாமல் சிலவற்றை நிறுத்தத்தான் வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து எதுவும் நாக்கில் வைக்க வேண்டாம். நம் மலைத்தேன் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு வயது வரை கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குப் போய்ச் சேரலாம்; காதிலும் விட வேண்டாம். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ வைக்காமல் உலர்வாக விட்டால், ஓரிரு வாரத்தில் தானாக விழுந்துவிடும். சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. எண்ணெய் தேய்ப்பது, தாலாட்டு, வசம்பு வளையல், கண்ணேறு கழிப்பது ஆகியவற்றால் தீங்கில்லை. அவற்றைப் பாட்டியின் பொறுப்பிலேயே விட்டால் மற்றவற்றை அவரும் விட்டுக்கொடுப்பார். வளையலை மட்டும் குழந்தை வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: எப்போது கிளம்ப வேண்டும்

பின்வருவனவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்துவிடுங்கள். குழந்தை பால் குடிப்பதை நிறுத்துவது; துவண்டு, எழுப்பினாலும் எழாமலிருப்பது; வலிப்பு; அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்தால் மூச்சு 60 அல்லது அதற்கு மேல் இருப்பது, மறுபடி எண்ணியும் அப்படியே இருப்பது; மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது; உடல் வெப்பம் 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போவது. நெஞ்சோடு ஒரு மணி நேரம் அணைத்து வைத்தும் சூடு ஏறாமலிருப்பது. தொப்புளைச் சுற்றித் தோல் சிவப்பது.

மஞ்சள் காமாலை பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் முகத்தில் தெரியும் இலேசான மஞ்சள் பெரும்பாலும் தானே மறையும். ஆனால் முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலும் அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். இளவெயிலில் காட்டினால் சரியாகும் என்று காத்திருப்பது, வெயிலே தெரியாத நாட்கள் நிறைந்த இந்த ஊரில் இரட்டிப்பு ஆபத்து. வெயில் அதற்கு மருந்துமல்ல, வெளியே கொண்டுபோனால் குழந்தை குளிர்ந்துதான் போகும். மஞ்சளைப் பார்ப்பதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஜன்னலோரம் கொண்டுவந்து, மூக்கின் மேல் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் தோலின் நிறம் தெரியும்.

தாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுதும் நனையும் அளவு உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, கண் மங்கலோடு கடுந்தலைவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும் இவற்றில் எது வந்தாலும் உடனே போக வேண்டும். இரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின்னும் ஆறு வாரம் வரை ஏறக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

சந்தேகம் பிற்பகலில் வந்தால் பொழுது சாயுமுன் கிளம்புங்கள். இருட்டிய பிறகு பனிமூட்டமும், எஸ்டேட் பாதையில் நிற்கும் காட்டெருமையும் யானையும், மழைக்காலத்தில் மண்சரிவும் சேர்ந்து அரை மணி நேரப் பயணத்தை எத்தனை மணி நேரமாக்கும் என்று சொல்ல முடியாது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பினால் அதில் நட்டம் ஏதுமில்லை. அதற்காகத் தாயை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது.

எட்டாம் படி: மனத்தைக் கவனித்தல்

மூன்றாம், நான்காம் நாள் வாக்கில் காரணமின்றி அழுகை வருவது மிகப் பலருக்கு நேர்வது; இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றோ செத்துவிடலாம் போலிருக்கிறது என்றோ அவள் சொன்னால், அது மருத்துவம் தேவைப்படும் நிலை. "பிள்ளை பெத்தவ அழக்கூடாது" என்று வாயை அடைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசகரிடம் தமிழில் பேசலாம். இல்லாத குரலைக் கேட்பது, பிள்ளைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் போன்றவை தெரிந்தால் அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சமவெளியிலிருந்து கட்டிக்கொடுத்து மலைக்கு வந்த பெண்கள், அம்மாவும் அருகில் இல்லாமல், நாள் முழுதும் மூடுபனியைப் பார்த்தபடி இருப்பார்கள். அவர்களுக்கு தினமும் ஒருவர் வந்து கால்மணி நேரம் பேசுவதே பெரிய உதவி.

குழந்தையின் அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய் ஆறாம் வாரத்தில் உச்சத்துக்கு வரும், பிறகு குறையும். பொறுமை எல்லை மீறும்போது குழந்தையைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வாருங்கள். ஒருபோதும் குலுக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: பதிவுகளும் தடுப்பூசியும் வேலைக்குத் திரும்புதலும்

கிராம சுகாதாரச் செவிலியரோ ஆஷா பணியாளரோ 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் துணை சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. கருவுற்றபோது வாங்கிய பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) அதற்குத் தேவைப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் தவணைகள் வருவதற்கும் அந்த எண்தான் ஆதாரம். பணியர், இருளர், குறும்பர் முதலிய பழங்குடிக் குடும்பத்தினர் குழந்தைக்கு அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. இந்தியாவில் அந்தக் குறைபாடு முதன்முதலாக 1952-இல் பதிவானதே நீலகிரி மலைமக்களிடம்தான்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கொப்புளம் வந்து தழும்பாகும், அதன் மேல் எதுவும் தடவ வேண்டாம். ஆறாம் வாரத்தில் அடுத்த சுற்று ஊசியும் சொட்டு மருந்தும் போட வேண்டும். ஊசிக்குப் போகும் அன்றே தாயும் தன் இரத்த அழுத்தம், தையல், குடும்பக் கட்டுப்பாட்டு முறை ஆகியவற்றைக் கேட்டுவிட்டு வரலாம்.

தோட்டத் தொழிலாளியாக இருந்து, முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கொழுந்து பறிக்கும் பருவத்தில் ஆள் பற்றாக்குறை என்று முன்கூட்டியே கூப்பிட்டால் போக வேண்டியதில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும். திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிய கிண்ணத்தில் எடுத்து வைக்கவும், வீட்டில் இருப்பவர் அதைப் பாலாடையால் புகட்டவும் பழகிக்கொள்ளுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் அது நான்கு மணி நேரம் கெடாமல் இருக்கும். ஆறிய பாலை அடுப்பில் வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் இறக்கி இளஞ்சூடாக்கிக் கொடுக்கலாம்.